வெள்ளமும் காப்பீடும்: ஐப்பசி பிறக்கும் முன் நாம் பேச வேண்டியது

(கடலூர் மாவட்ட மகளிர் குழுக்களின் கூட்டமைப்புப் பொதுக்குழுவில், புரட்டாசி மாதம் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் மூன்று குழுக்கள் ஒரே கேள்வியை எழுதிக் கொடுத்திருந்தார்கள். "இன்சூரன்ஸ் கட்டினோம், பயிர் முழுகிச்சு, பணம் வரலை. இனிமே எதுக்குக் கட்டணும்?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு நேரம் கேட்டு வாங்கியிருக்கிறோம். ஆனால் முதலில் தண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் பணத்தைப் பற்றிப் பேச முடியும். எந்தத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் எடுக்கிற காப்பீடு, அளவு தெரியாமல் தைத்த ரவிக்கை மாதிரிதான்.

நம் மாவட்டத்தை வடிகால் மாவட்டம் என்று சொல்வார்கள். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கு எல்லையில் கொள்ளிடம். இவையெல்லாம் நம் பக்கத்தில்தான் கடலில் சேருகின்றன. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறக்கிறது. கொள்ளிடத்தில் வருவது காவிரித் தண்ணீர். அதாவது, எங்கேயோ பெய்த மழைக்கும் நாம்தான் வாசல்.

வெள்ளம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் நம் ஊர்களுக்கு அது மூன்று விதமாக வருகிறது.

ஒன்று, நம் தலை மேலேயே கொட்டுவது. 2015 நவம்பர் 9-ஆம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நெய்வேலியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்துக்குப் பெய்ய வேண்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரு நாளில் பெய்தது. பண்ருட்டிப் பக்கம் ஓடைகளில் வந்த திடீர் வெள்ளத்தில் உயிர்கள் போயின. அந்தத் தண்ணீருக்கு முன்னறிவிப்பு நேரமே கிடையாது. ராத்திரி சத்தம் கேட்டு எழுந்தால் வாசலில் நிற்கும்.

இரண்டு, மேலே இருந்து வருவது. 2022 ஆகஸ்டில், நம் ஊரில் பெரிய மழையே இல்லாதபோது, மேட்டூர் நிரம்பி உபரி நீர் கொள்ளிடத்தில் திறந்து விடப்பட்டது. திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் ஊர்களைத் தண்ணீர் சூழ்ந்தது. வெயில் அடிக்கிற நாளில் படகில் போய் ஆட்களை அழைத்து வந்தார்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் போய்விட்டது என்று நாம் மூச்சு விடும்போது, ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 விடியும் முன்பே நொடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்து விடப்பட்டது. டி.வி.யில் "கன அடி, கன அடி" என்று சொல்லும்போது நமக்கு ஒன்றும் விளங்குவதில்லை. ஒரு கன அடி என்றால் சுமார் 28 லிட்டர், இரண்டு குடத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் திறந்ததைக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு நொடிக்கும் 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கிற டேங்கர் லாரி கிட்டத்தட்ட 400 கவிழ்ந்த மாதிரி. இந்த வகை வெள்ளத்தில் ஒரு நல்லது உண்டு. அணையிலிருந்து நம் ஊருக்குத் தண்ணீர் வந்து சேர சில மணி நேரம் ஆகும். அந்த நேரம்தான் நமக்குக் கையில் இருக்கிற சொத்து. தகவல் வந்தால் அதைப் பயன்படுத்தலாம், வராவிட்டால் இருந்தும் இல்லை.

மூன்றாவது, வடியாத தண்ணீர். இதைப் பேப்பரில் போட மாட்டார்கள், படகும் வராது. ஆனால் நம் உறுப்பினர்களுக்கு அதிக நஷ்டம் இதில்தான் என்பது எங்கள் கணிப்பு. முழங்கால் அளவு தண்ணீர், அஞ்சு நாள், ஆறு நாள் இளம் பயிரில் நிற்கும். வீராணம் ஏரி 47.5 அடி நிரம்பியதும் வெள்ளியங்கால் ஓடையில் திறப்பார்கள். கீழே ஏற்கெனவே வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை. முகத்துவாரத்தில் கடல் ஏறி நிற்கிற நேரமாக இருந்தால் ஆறு தண்ணீரை வாங்காது. பயிர் அழுகுவதைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

உங்கள் ஊருக்கு இந்த மூன்றில் எது? இதைக் கண்டுபிடிக்க எந்த அதிகாரியும் வர வேண்டாம். குழுக் கூட்டம் நடக்கிற இடத்திலேயே கோலமாவை எடுத்து ஊரின் வரைபடம் போடுங்கள். தெரு, கோயில், பள்ளிக்கூடம், வாய்க்கால், மதகு, மேடு, பள்ளம். பிறகு 2015-இல் தண்ணீர் எது வரைக்கும் வந்தது, 2024-இல் எது வரைக்கும் என்று வயசான அம்மாக்களைக் கேட்டுக் கேட்டு செம்மண்ணால் கோடு இழுங்கள். நாங்கள் போன ஊர்களில் ஒன்றைக் கவனித்தோம். ஆண்கள் வரைபடத்தில் வயல் வரப்பு சரியாக இருக்கும். பெண்கள் வரைபடத்தில் எந்த வீட்டில் நடக்க முடியாத மாமியார் இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாத கர்ப்பிணி, எந்த அடிபம்பு முதலில் முழுகும் என்பதெல்லாம் இருக்கும். இரண்டும் வேண்டும். அதைப் பார்த்து ஒரு சார்ட்டில் எழுதி, ஊராட்சி அலுவலகத்துக்கு ஒன்று, நம் நோட்டில் ஒன்று வையுங்கள்.

அடுத்து, "இப்பத்தான் வந்துட்டுப் போச்சு, இனி பத்து வருஷத்துக்கு வராது" என்கிற பேச்சு. இது நம் ஊர்களில் நிறைய. இதற்கு ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். ஒரு சொம்பில் பத்துப் புளியங்கொட்டை போடுங்கள். ஒன்றை மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிக் கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுங்கள். வெள்ளை வந்தால் அந்த வருஷம் வெள்ளம். எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த வருஷத்துக்கு எடுங்கள். போன தடவை வெள்ளை வந்தது என்பது சொம்புக்குத் தெரியாது! அடுத்த தடவையும் அதே பத்தில் ஒன்றுதான். "பத்து வருஷ வெள்ளம்" என்று இன்ஜினியர்கள் சொல்வதன் அர்த்தம் இதுதான். பத்து வருஷத்துக்கு ஒரு முறை முறை வைத்து வருவது அல்ல. இப்படிப் பத்து தடவை எடுத்தால், ஒரு தடவையாவது வெள்ளை வருவதற்கு 100-க்கு 65 வாய்ப்பு உண்டு. "நூறு வருஷ வெள்ளம்" என்று சொன்னால்கூட, நீங்கள் ஒரு வீட்டில் 30 வருஷம் குடியிருந்தால் அதைப் பார்ப்பதற்கு 100-க்கு 26 வாய்ப்பு. மகளுக்குக் கல்யாணம் செய்து பேரப்பிள்ளை எடுப்பதற்குள் நாலில் ஒரு வாய்ப்பு. சின்னதில்லை.

சரி, பணத்துக்கு வருவோம்.

வெள்ளம் வந்தால் அரசாங்கம் கொடுக்கும் என்று நம்புகிறோம். கொடுக்கிறது. 2024 டிசம்பரில் அறிவித்ததை நினைவுபடுத்துகிறோம். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய். சேதமடைந்த குடிசைக்கு 10,000. மாடு செத்தால் 37,500, ஆட்டுக்கு 4,000. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000. கவனியுங்கள், ஹெக்டேருக்கு. ஏக்கருக்கு 6,900 ரூபாய்க்குள்தான். நாற்று, நடவுக் கூலி, உரம் எவ்வளவு ஆகிறது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. நிவாரணம் என்பது உடனே கைதூக்கி விடுகிற உதவி. போனதைத் திரும்பக் கொடுப்பது அதன் வேலை இல்லை. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அரசு தனியாக அறிவித்தால்தான் உண்டு. காப்பீடு அப்படி இல்லை. அது ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கேட்டு வாங்கலாம், எழுதாததைக் கேட்க முடியாது. அதனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம்.

பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஏக்கருக்கு 36,000 ரூபாய் காப்பீட்டுத் தொகை என்று வைத்தால் 540 ரூபாய். மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. இது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். நஷ்டத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

அவர்கள் உங்கள் வயலைப் பார்ப்பதில்லை. உங்கள் வருவாய் கிராமத்தைப் பார்க்கிறார்கள். முந்தைய ஏழு வருஷங்களில் நல்ல ஐந்து வருஷத்தின் சராசரியை வைத்து, அதில் ஒரு பங்கை உத்தரவாத மகசூல் என்று நிர்ணயிக்கிறார்கள். உதாரணத்துக்கு ஏக்கருக்கு 1,600 கிலோ என்று வைப்போம். அறுவடை சமயம் கிராமத்தில் சில வயல்களைக் குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்து, அங்கே அறுத்து எடை போடுகிறார்கள். அதன் சராசரி 1,200 கிலோ வந்தால் குறைவு 400 கிலோ. 1,600-க்கு 400 என்பது கால்வாசி. ஆகவே 36,000-இல் கால்வாசி, 9,000 ரூபாய், அந்தக் கிராமத்தில் கட்டிய எல்லோருக்கும் ஏக்கருக்கு வரும். உங்கள் வயலில் ஒரு படி நெல்கூட விளையவில்லை என்றாலும் 9,000தான். சராசரி 1,650 கிலோ வந்துவிட்டால், உங்கள் வயல் முழுக்க அழுகியிருந்தாலும் ஒரு ரூபாய் வராது.

போன கூட்டத்துக் கேள்விக்குப் பதில் இதுதான். அந்த மூன்று குழுக்களில் இரண்டின் ஊர்களில் பள்ளக்கால் வயல்கள் போயின, மேட்டு வயல்கள் விளைந்தன. கிராமச் சராசரி தப்பித்துவிட்டது. யாரோ பணத்தைச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று ஊரில் பேசியது சரியல்ல. ஆனால் இது பள்ளத்தில் இருப்பவர்களுக்கு நியாயமா என்றால், நியாயமில்லை என்றுதான் நாங்களும் நினைக்கிறோம். பள்ளத்து வயல் பெரும்பாலும் யாரிடம் இருக்கிறது என்று உங்கள் கோலமாவு வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும்.

தனி வயலில் தண்ணீர் நின்றதற்குத் தனியாக இழப்பீடு கேட்கிற வழி நெல்லுக்கு முன்பு இருந்தது. 2018-இல் எடுத்துவிட்டார்கள். அதை 2026 காரீப் பருவத்திலிருந்து மறுபடியும் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. இது நமக்குப் பெரிய செய்தி. இந்த வழியில் கேட்பதற்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், செல்போன் செயலியில் வயலின் படத்தோடு. 72 மணி நேரம் என்பது மூன்று நாள். மின்சாரம் இல்லை, செல்லில் சார்ஜ் இல்லை, பிள்ளைகள் முகாமில் என்று இருக்கும்போது மூன்று நாள் ஓடிவிடும். அதனால் ஒவ்வொரு குழுவிலும் செயலியைத் தெரிந்த ஒரு பெண்ணை, காலேஜ் படிக்கிற மகளாக இருந்தாலும் சரி, இப்போதே தேர்ந்தெடுத்து வையுங்கள். 14447 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். நம் மாவட்டத்துக்கான அறிவிக்கையில் இந்தப் பிரிவு எப்படி வந்திருக்கிறது என்பதை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குவது கூட்டமைப்பின் வேலையாக இருக்கட்டும்.

இன்னொன்று. அறுத்துக் காய்வதற்காக வயலில் போட்டிருக்கும் கதிர் 14 நாளுக்குள் புயல் மழையிலோ, பருவம் தப்பிய மழையிலோ நனைந்து கெட்டால் அதற்கும் தனி வயல் கணக்கு உண்டு. இதற்கும் அதே 72 மணி நேரம்தான்.

சம்பாவுக்குக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. சில வருஷம் நீட்டிக்கிறார்கள். அதை நம்பி உட்கார வேண்டாம். கடைசி மூன்று நாள் இ-சேவை மையத்தில் சர்வர் வேலை செய்யாது என்பது நமக்கெல்லாம் பழகிப்போன கதை. சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கியவர்கள், "அவங்களே பிடிச்சிருப்பாங்க" என்று விட்டுவிடாதீர்கள். 2020-இலிருந்து கடன் வாங்கியவர்களுக்கும் காப்பீடு கட்டாயமில்லை. பிடித்தார்களா என்று பாஸ்புக்கில் பாருங்கள். ரசீதில் கிராமத்தின் பெயர், சர்வே எண், பரப்பு மூன்றையும் விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். பக்கத்துக் கிராமத்தின் பெயர் தவறி விழுந்திருந்தால், பக்கத்துக் கிராமத்தின் சராசரிதான் உங்களுக்கு.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சொந்தமாக நிலம் இருப்பவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும்? குத்தகைக்கும் வாரத்துக்கும் செய்பவர்கள்தான் அதிகம். திட்டத்தின் விதிப்படி குத்தகைதாரரும் வாரதாரரும் காப்பீடு செய்யலாம். அதற்கு அடங்கலில் சாகுபடி செய்பவர் என்று உங்கள் பெயர் வர வேண்டும். நிலக்காரர் தயங்குகிறார். 1969-ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருக்கிறது, பேர் ஏறினால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று பயம். அதனால் பயிர் செய்வது நீங்கள், கடன் வாங்கி உரம் போடுவது நீங்கள், அடங்கல் அவர் பெயரில், காப்பீடும் அவர் பெயரில். தண்ணீர் வந்து இழப்பீடு வந்தால் அவர் கணக்குக்குப் போகிறது. உங்களுக்கு மிஞ்சுவது குழுக் கடன் தவணை. கிராமங்களில் நாங்கள் பார்த்த கடன் சுமைகளில் பல இப்படித் தொடங்கியவைதான். வெள்ளத்துக்கு அடுத்த மாதம் தவணை கட்ட ஒரு நுண்கடன் கம்பெனி, அதைக் கட்ட இன்னொன்று.

தனியாகப் போய்க் கேட்டால் "அடுத்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவார். குழுவாகப் போங்கள், நடவுக்கு முன்பே போங்கள். ஒரு பருவத்துக்குச் சாகுபடிச் சான்று மட்டும் கேட்கிறோம், நிலத்தைக் கேட்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் குழுவின் தீர்மானத்தோடு மனுவாகக் கொடுங்கள், வாய்வார்த்தையாக வேண்டாம். அதுவும் நடக்கவில்லை என்றால், நிலக்காரர் பெயரில் கட்டினாலும் இழப்பீட்டில் பங்கு உண்டு என்பதைக் குத்தகை பேசும்போதே நாலு பேர் முன்னால் பேசி எழுதிக்கொள்ளுங்கள். இது பலவீனமான ஏற்பாடுதான், தெரியும். ஒன்றும் இல்லாததற்கு இது மேல்.

வீட்டுக்கு: 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைக் கொடுக்க வேண்டும். புயல், வெள்ளம், தண்ணீர் சூழ்வது எல்லாம் அதிலேயே அடங்கும். வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்குத்தான் காப்பீடு, மனையின் விலை சேராது. கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை சாமான்களுக்கும் சேர்ந்தே வரும். கான்கிரீட் வீடு, தொகுப்பு வீடு கட்டியிருப்பவர்கள் யோசிக்கலாம். கீற்று வீட்டுக்கு இது கிடைப்பது கஷ்டம். வெள்ளத்தில் முதலில் போவது கீற்று வீடு, காப்பீடு கடைசியில் வருவதும் அதற்குத்தான். ஆகவே குடிசையில் இருக்கும் உறுப்பினர்கள் பெயரை வீட்டு வசதித் திட்டப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி கிராம சபையில் கேட்பதுதான் அவர்களுக்கான உண்மையான காப்பீடு.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். தேசியத் திட்டத்தில் பிரீமியத்தில் வளர்ப்பவர் பங்கு 15 சதவீதம் என்று 2024-இல் குறைத்தார்கள். காது வில்லை இருந்தால்தான் காப்பீடு. வில்லை விழுந்துவிட்டால் அன்றைக்கே போய் வேறு போட்டுக்கொள்ளுங்கள். மாடு செத்தால் டாக்டர் வந்து பார்த்துச் சான்று தரும் முன் புதைக்கக் கூடாது. இதெல்லாம் செத்த பிறகு. சாகாமல் இருக்க, தண்ணீர் ஏறும் என்று தெரிந்ததும் கயிற்றை அவிழ்த்து விடுங்கள். கட்டிப் போட்ட மாடுதான் முழுகும். அவிழ்த்த மாடு மேடு தேடிப் போய்விடும்.

நம் உயிருக்கு: வங்கிக் கணக்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா பீமா, 18 வயது முதல் 70 வயது வரை, விபத்தில் இறந்தால் 2 லட்சம். தண்ணீரில் மூழ்குவதும், பாம்பு கடியும் விபத்துதான். வெள்ளத்தில் பாம்பு வீட்டுக்குள் வரும் என்று உங்களுக்குத் தெரியும். மூழ்கி இறந்தால் போலீஸ் பதிவு வேண்டும். பாம்பு கடிக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டும், நேராக மந்திரிக்கப் போனால் உயிருக்கும் ஆபத்து, சீட்டும் கிடைக்காது. மே மாதக் கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் பாலிசி போய்விட்ட உறுப்பினர்கள் நிறைய. குழுக் கூட்டத்தில் எல்லோருடைய பாஸ்புக்கையும் ஒரு முறை வாங்கிப் பாருங்கள்.

கூட்டமைப்பு நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை வைக்கிறோம். பிரீமியம் கட்டும் நவம்பர் மாதத்தில்தான் நடவுச் செலவும் நெருக்கும். 540 ரூபாய் இல்லாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. உள்கடனில் "காப்பீட்டுக் கடன்" என்று ஒரு தலைப்பு வைத்து, பொங்கலுக்குப் பிறகு திருப்பும்படி கொடுக்க முடியுமா என்று இன்றைக்கே விவாதியுங்கள். வெள்ளம் வந்தால் எத்தனை மாதத் தவணையைத் தள்ளி வைப்பது, வட்டி உண்டா இல்லையா என்பதையும் தண்ணீர் வராத இந்த மாதத்திலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள். வந்த பிறகு பேசினால் சண்டைதான் வரும், பல ஊர்களில் குழுவே உடைந்திருக்கிறது.

அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு நகல்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு செட்டை மேட்டுத் தெருவில் இருக்கும் உறுப்பினர் வீட்டில் வையுங்கள். குத்தகை உறுப்பினர்கள் பட்டியலும், கிராம நிர்வாக அலுவலருக்கான மனுவின் மாதிரியும் அச்சடித்துக் கொண்டு வந்திருக்கிறோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்வரிசை மேஜையில் குழுவுக்கு ஒன்றாக வாங்கிக்கொள்ளலாம். அடங்கல் கிடைக்காத குழுக்கள் அங்கேயே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள், அடுத்த வாரம் தாலுக்கா அலுவலகத்துக்கு எல்லோரும் சேர்ந்தே போகலாம்.